பசுந்தாங் சூப்பும் பன்னிரண்டாவது கதையும்

யாங்கோனில் என்னோடு முதலில் பேசியது ஒரு கார்தான். விமான நிலைய வாசலில் டாக்ஸியில் ஏறி உட்கார்ந்தேன். ஓட்டுநர் சாவியைத் திருப்பியதும் எங்கிருந்தோ ஒரு பெண்குரல் ஜப்பானிய மொழியில் கனிவாக ஏதோ சொன்னது. ஓட்டுநர் லேசாகத் தலையைக் குனிந்துகொண்டார். ஆறு வருடமாக இந்தக் கார் தன்னை இப்படித்தான் வாழ்த்துகிறது என்று அரைகுறை ஆங்கிலத்தில் எனக்கு விளக்கினார். இந்த ஊர்க் கார்களில் பாதிக்கு மேல் ஜப்பானில் ஓடிக் களைத்து வந்தவை. ஸ்டியரிங் வலப்பக்கம், வண்டி போவதும் சாலையின் வலப்பக்கம். முன்னால் போகும் பஸ்ஸை முந்தும்போது எதிரே என்ன வருகிறது என்பது ஓட்டுநருக்குத் தெரியாது, இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெரியும். நான் இறங்கவேண்டிய பசுந்தாங் பேட்டைக்குப் போய்ச் சேரும்வரை அவருக்கும் சேர்த்து நானே பயந்துகொண்டு வந்தேன்.

கோயம்புத்தூரில் நான் சின்னதாக ஒரு பதிப்பகம் நடத்துகிறேன். சின்னது என்றால், அட்டை ஒட்டுகிற நாட்களில் எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசை கிடைக்காது, அவ்வளவு சின்னது. ஜப்பானில் ஒரு கதை மரபு உண்டு. எழுதுகிறவர் ‘நான்’ என்று ஆரம்பித்து, தான் பட்ட அவமானத்தை, தன் வீட்டு நோயை, தன் கோழைத்தனத்தை ஒளிக்காமல் எழுதிவிடுவார். பெரிய சம்பவம் எதுவும் இருக்காது. மழை பெய்யும், யாராவது இருமுவார்கள், ஒருவர் வீட்டைவிட்டுக் கிளம்பிப் பாதி வழியில் திரும்பி வருவார். படித்து முடித்தால் அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்காது. அப்படிப்பட்ட பன்னிரண்டு கதைகள் கொண்ட ஒரு புத்தகத்தை ஜப்பானிய மொழியிலிருந்து நேராகத் தமிழுக்குக் கொண்டுவந்து கொண்டிருந்தார் யாங்கோன்காரர் ஒருவர். பதினொரு கதைகள் வந்துவிட்டன. ஒவ்வொன்றும் முத்து. பன்னிரண்டாவதற்குப் பதில் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த ஒரு கடிதம் வந்தது: ‘கடைசிக் கதை வராது. வீட்டில் சம்மதம் இல்லை. மன்னிக்கவும்.’

மன்னிக்கிற நிலையில் நான் இல்லை. கதைகளை எழுதியவர் காலமாகிவிட்டார். உரிமை அவர் மகளிடம் இருக்கிறது. பன்னிரண்டும் வரிசை மாறாமல் வரவேண்டும், கடைசிக் கதை இல்லாவிட்டால் புத்தகமே வேண்டாம் என்பது அந்த அம்மாளின் நிபந்தனை. கொடுத்த கெடு இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. ஒரு கதைக்காகப் பதினொரு கதைகள் பரணுக்குப் போவதா? இரண்டு கிலோ மைசூர்பாகை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டேன். வீட்டில் சம்மதம் இல்லை என்றால் வீட்டம்மாவைப் பார்த்துப் பேசவேண்டியதுதானே.

வியாழக்கிழமை மத்தியானம் அவர்கள் தெருவில் இறங்கினேன். நான்காவது மாடி. ஏணிக்கும் படிக்கட்டுக்கும் நடுவில் எதுவோ ஒன்றில் ஏறவேண்டும். அங்கே எல்லா மாடிகளிலிருந்தும் தெருவரை ஒரு கயிறு தொங்குகிறது. மேல்முனையில் மணி, கீழ்முனையில் ஒரு கிளிப். செய்தித்தாள்காரர், கீரைக்காரர் எல்லோரும் கயிற்றை இழுத்து மணி அடித்து, சாமானை மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். வீட்டுக்காரர் மேலே இழுத்துக்கொள்கிறார். எங்கள் ஊர் அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுதானால் சங்கம் கூட்டிச் சண்டை போடுகிறோம். ஒரு கயிறு கட்டத் தோன்றியதில்லை.

மொழிபெயர்ப்பாளர் ஊ தேவசகாயம் ஒல்லியான மனிதர், அறுபதைத் தாண்டியவர், கட்டம் போட்ட லுங்கிக்கு மேல் இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. பெயருக்கு முன்னால் ஆணுக்கு ‘ஊ’வும் பெண்ணுக்கு ‘டோ’வும், வயதில் இளைய பெண்ணுக்கு ‘மா’வும் போடுவது இங்கே மரியாதை. மனைவி டோ ரோசம்மா கணவரைவிட ஒரு சுற்றுப் பெரியவர். மாதா கோயிலில் மைக் இல்லாமல் வாசகம் வாசிக்கிற குரல். என்னைப் பார்த்ததும் “வாங்க தங்கச்சி” என்றார். தேவசகாயம் என்னைச் ‘சயாமா’ என்றார். டீச்சரம்மா என்று வைத்துக்கொள்ளலாம். நான் யாருக்கும் எதுவும் கற்பித்ததில்லை என்றாலும் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

போட்டாதாங் படகுத்துறைக்குப் பக்கத்தில், ஜப்பானியப் பழைய கார்களை வரவழைக்கும் ஒரு சின்ன கம்பெனியில் தேவசகாயம் குமாஸ்தாவாக இருந்தவர். கார்களோடு வரும் காகிதங்களைப் படிப்பதற்காக மாலை வகுப்பில் ஜப்பானிய மொழி கற்றார். ஒருநாள் ஒரு வெள்ளை வேனின் முன்பெட்டிக்குள் யாரோ மறந்து விட்டுப்போன கையடக்கப் புத்தகம் கிடந்தது. யாருக்கும் வேண்டாம் என்றார்கள், இவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதில் இருந்தவைதான் இந்தப் பன்னிரண்டு கதைகள். படித்தது பர்மியப் பள்ளிக்கூடத்தில் என்பதால் அவருக்குத் தமிழ் பேச வருமே தவிர எழுத வராது. ரோசம்மா ஞாயிறு வகுப்பில் தமிழ் எழுதக் கற்றவர். எனவே கணவர் புத்தகத்தைப் பார்த்துத் தமிழில் சொல்லச் சொல்ல, மனைவி நோட்டில் எழுதுவார். எனக்கு வந்த பதினொரு கதைகளும் ரோசம்மாவின் குண்டு குண்டான கையெழுத்தில் வந்தவைதான்.

காரின் வாழ்த்தைப் பற்றி அவரிடம் கேட்டேன். காதில் விழுந்தபடி நான் உளறிக் காட்டியதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, ‘அட்டை செருகப்படவில்லை’ என்று அர்த்தம் சொன்னார். ஜப்பானில் சுங்கச்சாவடிக்கு வைக்கிற அட்டையாம். திரும்பிப் போகும்போது அந்த ஓட்டுநரிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் கையை உயர்த்தித் தடுத்தார்கள். “ஆனாடே” என்றார் ரோசம்மா. அடுத்தவர் முகம் சுருங்கும்படி ஒன்றைச் சொல்லவோ கேட்கவோ கூடாது என்று இந்த ஊர்க்காரர்களுக்குள் இருக்கிற கூச்சத்துக்கு அதுதான் பெயர். நாம் ஒருவர் புடவையைப் பார்த்ததுமே என்ன விலை என்று கேட்கிறவர்கள். எனக்கு அந்தச் சொல் பிடிபட இரண்டு நாள் ஆயிற்று.

பேசிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்தது. ரோசம்மா கயிற்றை இழுத்தார். மூடி போட்ட தூக்குவாளி ஒன்று ஆடிக்கொண்டே மேலே வந்தது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தவர் மா செல்வி, தெருமுனையில் தோசைக் கடை வைத்திருப்பவர். வாளியில் கோழி சூப்பு.

“யாருக்கு உடம்பு சரியில்லை?” என்று கேட்டுவிட்டேன்.

“எனக்குத்தான் தங்கச்சி” என்றார் ரோசம்மா. “ரெண்டு வருசமா நெஞ்சு சீக்கு. ஊருக்கே தெரியும். எனக்கு மட்டுந்தான் தெரியாது.”

நடந்தது இதுதான். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்குப் பின்னால் உள்ள கூடத்தில் தமிழ் வாசிப்பு ஒன்றை ஆரம்பித்திருக்கிறார்கள். இளசுகளுக்குத் தமிழ் புரியும், வாய் திறந்தால் பர்மியம்தான். காதிலாவது விழட்டுமே என்று ஓர் ஏற்பாடு. வேதக்காரர்கள், திருநீறு பூசுகிற கோயில் தெருக்காரர்கள் எல்லோரும் வருவார்கள். தேவசகாயம் முதல் கதையை வாசிக்க எழுந்து, ‘இது ஜப்பான்காரர் ஒருவர் எழுதியது’ என்று சொன்ன நேரத்தில் மின்சாரம் போய் ஜெனரேட்டர் அலறியிருக்கிறது. அந்த வாக்கியம் யார் காதிலும் விழவில்லை. அடுத்து விழுந்தது, ‘நான் என் மனைவியின் இருமலைக் கேட்டும் தூங்குவதுபோல் கிடந்தேன்’ என்பது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் வீடு, குமாஸ்தா வேலை, வாய் பேசாத மனிதர். கதையில் எவருக்கும் பெயர் கிடையாது. போதாதா?

மறுநாள் காலையிலேயே சூப்பு மேலே வந்துவிட்டது. ஜெபக் கூட்டத்தில் ‘நெஞ்சு நோயால் வருந்தும் சகோதரிக்காக’ மன்றாடினார்கள். மூன்றாவது கதையில் ‘நான்’ குடித்துவிட்டுப் பாலத்தில் விழுந்து கிடக்கிறார். காப்பியைத் தவிர எதையும் தொடாத தேவசகாயத்துக்கு, அந்தக் கிறிஸ்துமஸுக்கு இரண்டாம் மாடி மோசஸ் வழக்கமாக நீட்டுகிற ஒயின் கோப்பையை நீட்டவில்லை. இவை நிஜமா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் இவர் முகம் சுருங்கும். சூப்பைக் குடித்துவிட்டு, இது கதைதான் என்று இவர்களும் சொல்லவில்லை. சொன்னால் கொடுத்தவர் முகம் சுருங்கும். ஆனாடேயில் ஆனாடே முட்டிக்கொண்டு இரண்டு வருடம் ஓடிவிட்டது. நான் சிரித்துச் சிரித்துப் புரையேறினேன். ரோசம்மா என் முதுகில் தட்டினார்.

கடைசிக் கதையைப் பற்றிக் கேட்டதும் தேவசகாயத்தின் முகம் மாறியது. அதில் மனைவி இறந்துபோகிறாள் என்றார், குரலைத் தாழ்த்தி ஆங்கிலத்தில். பிறகு கண்ணால் சமையலறையைக் காட்டி, வீட்டில் சம்மதம் இல்லை என்றார். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். இரண்டு வருடம் நோயாளியாக வாழ்ந்த அம்மாள் இப்போது பிணமாகவும் ஆகவேண்டுமென்றால் யார்தான் சம்மதிப்பார்கள்?

வெள்ளிக்கிழமை காலை மைசூர்பாகோடு சமையலறைக்குள் நுழைந்தேன். ரோசம்மா மொஹிங்கா தயார் செய்துகொண்டிருந்தார். மீன் குழம்பும் அரிசி நூடுல்ஸும் வாழைத்தண்டும் சேர்ந்த காலைச் சாப்பாடு. சென்னையில் இதை மாலை நேரத்துத் தள்ளுவண்டியில் சாப்பிட்டிருக்கிறேன். அந்த ருசியை நினைத்துக்கொண்டு வந்தால் ஏமாந்துபோவோம், இது வேறு உயரம். இரண்டு கிண்ணம் முடித்துவிட்டு என் பிரசங்கத்தை ஆரம்பித்தேன். இலக்கியம் வேறு, வாழ்க்கை வேறு. அந்த ‘நான்’ தேவசகாயம் அல்ல. இருபது நிமிடம் பேசியிருப்பேன். என் பேச்சில் எனக்கே கண் கலங்கியது.

ரோசம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “யாரு தங்கச்சி சொன்னது, நான் வேணாங்கிறேன்னு?” என்றார்.

நான் முன்னறைப் பக்கம் கையைக் காட்டினேன்.

“நான் நோட்டத் தொறந்து வச்சுக்கிட்டு மூணு மாசமா உக்காந்திருக்கேன். இவுக ‘எஞ் சம்சாரம்’ங்கிறது வரைக்கும் சொல்றாக. அதுக்கு மேல தண்ணி கேக்குறாக.”

நாலு வீடு தள்ளிக் கேட்கிற குரல் அது. முன்னறையில் தேவசகாயம் செய்தித்தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். பேப்பர் தலைகீழாக இல்லை என்பது ஒன்றுதான் குறை.

அன்று காலையே அவரைக் கியாக்டடா பக்கம் ஒரு டீக்கடைக்கு அழைத்துப்போனேன். சூலே பகோடாவைச் சுற்றி பஸ்கள் உறுமிக்கொண்டு நின்றன. இங்கே டீக்கடையில் பரிமாறுகிறவரைக் கூப்பிட, உதட்டைக் குவித்து முத்தம் கொடுக்கிற மாதிரி சத்தம் எழுப்புகிறார்கள். எங்கள் ஊர்க் காந்திபுரத்தில் இதைச் செய்தால் அடி விழும். கெட்டியான பால் டீ வந்தது. பேசாமல் கதையை மூன்றாம் மனிதருக்கு மாற்றிவிடலாமே, ‘நான்’ என்பதற்குப் பதில் ‘அவர்’ என்று போட்டால் தொல்லை தீர்ந்ததே என்றேன். அவ்வளவு சாதுவான மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது.

“அது கூடாது சயாமா. எழுதுனவரு தன் தலையில தூக்கிச் சொமந்தத நான் எறக்கி வேற ஆளு தலையில வைக்கலாமா? ‘நான்’ போச்சுன்னா கதையே போச்சு.”

சரி, மனைவி எதிரில் இல்லை, என்னிடம் சொல்லுங்கள், நான் எழுதுகிறேன் என்று நோட்டை விரித்தேன். புத்தகத்தைத் திறந்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “என் மனைவி” என்றார். பிறகு அடுத்த மேசையைப் பார்த்தார், பகோடாவைப் பார்த்தார், உதட்டைக் குவித்துச் சத்தம் எழுப்பினார். தண்ணீர் வந்தது. மூன்று முறை முயன்றோம். மூன்று கோப்பைத் தண்ணீர்.

கடைசியில் சொன்னார். சின்ன வயதில் அவர் அம்மா எதற்கோ கோபித்துக்கொண்டு, இந்த வீட்டில் இனி நான் சாப்பிடப்போவதில்லை என்று தமிழில் சொன்னாராம். மறுவாரம் காய்ச்சலில் போய்விட்டாராம். வீட்டில் தமிழ் என்றால் ஜெபத்துக்கும் தாலாட்டுக்கும் மட்டும்தான். அந்தப் பாஷையில் ஒன்றைச் சொன்னால் எங்கோ பதிவாகிவிடும் என்று மனதில் விழுந்துவிட்டது. முட்டாள்தனம் என்று தெரியும், ஆனாலும் நாக்கு கேட்கமாட்டேன் என்கிறது என்றார். மனைவி மேல் பழி போட்டதற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்டார். கோயம்புத்தூரிலிருந்து சுமந்து வந்த கோபமெல்லாம் போய் எனக்கு அவர் மேல் பெரிய பிரியம் உண்டாகிவிட்டது. ஆனால் கெடு அப்படியேதான் இருந்தது.

அவரை அனுப்பிவிட்டு, யோசிக்கலாம் என்று வட்ட ரயிலில் ஏறினேன். நகரத்தைச் சுற்றி வருகிற ரயில். சில பெட்டிகள் ஜப்பானில் ஓடி ஓய்ந்தவை, கதவருகே ஜப்பானிய எழுத்து இன்னும் அழியாமல் இருந்தது. வட்டம்தானே, எந்தப் பக்கம் ஏறினாலும் வந்து சேரும் என்று எண்ணித் தூங்கிவிட்டேன். யாரோ தட்டி எழுப்பியபோது ரயில் புறநகரில் ஏதோ ஒரு நிலையத்தில் நின்றுபோயிருந்தது. இன்றைக்கு இதற்கு மேல் போகாதாம். கீரைக்கட்டுகளோடு ஒரு அம்மாள் என்னைக் கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றிவிட்டார். தப்பான பஸ். பசுந்தாங் வந்து சேர இருட்டிவிட்டது. வழியெல்லாம் யோசித்தும் ஒரு வழியும் தோன்றவில்லை.

வழி ரோசம்மாவுக்குத் தோன்றியிருந்தது. சனிக்கிழமை காலை நான் போனபோது மேசையைச் சுற்றி மூன்று நாற்காலிகள் போட்டிருந்தார். நோட்டையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார்.

“இன்னிக்கு நீ எழுது. இவுக பர்மாக்காரப் பாஷையில சொல்லட்டும். சந்தையில நாளைக்குப் பத்துத் தடவை ‘செத்தேன், செத்தேன்’னு அதுலதான சொல்றோம், ஒண்ணும் ஆகல. தமிழுல நான் சொல்லிக்கிறேன்.”

“நீ சொல்லலாமா?” என்றார் தேவசகாயம்.

“சொன்னா செத்துப்போவேன்னா, இத்தனை பேரு ரெண்டு வருசம் செஞ்ச ஜெபத்துக்கு எனக்கு நூறு வயசு இருக்கணும். பாத்துக்கலாம்.”

தேவசகாயம் புத்தகத்தைப் பார்த்துப் பர்மியத்தில் சொல்ல ஆரம்பித்தார். தடையே இல்லை, ஆற்றுத் தண்ணீர் மாதிரி வந்தது. ரோசம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு அவர் தமிழில் சொன்னதை நான் எழுதிக்கொண்டேன்:

“எஞ் சம்சாரம் கண்ண மூடுன நேரத்துல, நான் கடையில ஒரு தொப்பியப் போட்டுக் கண்ணாடியில அழகு பாத்துக்கிட்டு இருந்தேன்.”

கதை இவ்வளவுதான். காய்ச்சலில் கிடக்கும் மனைவிக்கு ஐஸ் வாங்கக் கடைத்தெருவுக்குப் போகிறவர், வழியில் ஒரு தொப்பிக் கடையில் நின்றுவிடுகிறார். கால் மணி நேரம். வீடு திரும்பும்போது எல்லாம் முடிந்திருக்கிறது. தொப்பியை வாங்கியும் விட்டார். அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மூலப் புத்தகத்தில் ‘கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தேன்’ என்றுதான் இருக்கிறதாம். ‘அழகு’ ரோசம்மா போட்டது. தேவசகாயம் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, அது எழுதப்படாமல் அங்கே இருக்கிறது, இருக்கட்டும் என்றார்.

வாக்கியம் வாக்கியமாக முன்னேறினோம். ரோசம்மா கேள்விமேல் கேள்வி கேட்டார். தொப்பி என்ன நிறம் என்றார். கதையில் இல்லை என்றார் கணவர். “இல்லாட்டிப் பரவால்ல, எனக்குத் தெரியணும். தெரிஞ்சாத்தான் வருத்தமாச் சொல்ல முடியும்” என்றார். சாம்பல் நிறம் என்று மூவரும் சேர்ந்து முடிவு செய்தோம், எழுதவில்லை. மின்சாரம் இரண்டு முறை போயிற்று. வியர்வை நோட்டில் சொட்டியது. மத்தியானம் மணி அடித்து மா செல்வியின் சூப்பு வந்தது, நாங்கள் மூவரும் அதை நின்றபடியே குடித்துவிட்டு உட்கார்ந்தோம். நான்கு மணிக்குக் கடைசி வாக்கியம். மனைவியின் குடை கதவுக்குப் பின்னால் தொங்குகிறது, அதன் பிடியில் அந்த மனிதர் புதுத் தொப்பியை மாட்டிவிட்டு விளக்கை அணைக்கிறார்.

பேனாவை மூடினேன். இருபது வருடமாகப் புத்தகம் போடுகிறேன். பேனா பிடித்த கையே இப்படிக் கர்வப்பட்டது அன்றைக்குத்தான். பதினொரு கதைகளையும்விட இது ஒரு படி மேலே நின்றது. தேவசகாயம் மனைவியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் இன்னும் உயிரோடு இருக்கிறாரா என்று சரிபார்க்கிற மாதிரி இருந்தது. ரோசம்மா, “என்ன பாக்குறீக, டீ போடவா?” என்று எழுந்துபோனார்.

மறுநாள் மாதக் கடைசி ஞாயிறு. ரோசம்மாவே வாசிப்பதென்று தீர்மானமாகிவிட்டது. கூடத்தில் அறுபது எழுபது பேர் இருந்தார்கள். கன்னத்தில் சந்தனம் போலத் தனகா பூசிய பெண்கள், நெற்றியில் திருநீறு வைத்தவர்கள், கையில் ஜெபமாலை வைத்தவர்கள், செல்போனில் தலை கவிழ்ந்த இளசுகள். ரோசம்மா நோட்டைத் திறந்ததும், சொல்லி வைத்தாற்போல் மின்சாரம் போயிற்று. ஜெனரேட்டர் அலறியது. அவர் நோட்டை மூடிவிட்டார். சத்தம் சீராகும்வரை இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார். பிறகு அந்தக் குரலில் சொன்னார், இரண்டு தடவை:

“இது ஜப்பான்காரரு எழுதுன கதை. இதுல சாகுறது நானில்ல. எனக்கு இருமலும் கெடையாது. எல்லாருக்கும் கேட்டுச்சா?”

எல்லோரும் மரியாதையாகத் தலையை ஆட்டினார்கள். அவர் வாசித்தார். ஒரு பெண்ணின் வாயிலிருந்து ‘எஞ் சம்சாரம்’ என்று வந்தபோது பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். இரண்டாவது வாக்கியத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. தொப்பிக் கடையில் அந்த மனிதர் விலை கேட்கும் இடத்தில் செல்போன்கள் கவிழ்ந்தன. ஐஸ் கட்டி துணிக்குள் உருகிக் கையில் வழிந்துகொண்டே வரும் இடத்தில் எனக்குக் கண் மறைத்துவிட்டது. எழுதியவள் நான்தான், ஒவ்வொரு சொல்லும் தெரியும், ஆனாலும் அழுதேன். தேவசகாயம் கடைசி பெஞ்சில் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து கையில் வைத்திருந்தார். குடிக்கவில்லை. குடையில் தொப்பியை மாட்டி ரோசம்மா முடித்ததும் ஒருவரும் கைதட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு கிழவர் எழுந்து நின்றார். அவரைப் பார்த்து எல்லோரும் எழுந்தார்கள். கோயிலில் எழுவதுபோல, மொத்தக் கூடமும். அதைவிடப் பெரிய கைதட்டலை நான் எந்தப் புத்தக வெளியீட்டிலும் கேட்டதில்லை.

டீ கொடுத்தார்கள். தேவசகாயம் மா செல்வியிடம் போய்த் தயங்கித் தயங்கி மன்னிப்புக் கேட்டார். இரண்டு வருடமாக ஏமாற்றிச் சூப்புக் குடித்துவிட்டோம், முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்றார். செல்விக்குச் சங்கடமாகிவிட்டது. டீயைக் கீழே வைத்துவிட்டு, மாமா முறை வைத்துக் கூப்பிட்டுச் சொன்னார்.

“ஜப்பான்காரரு கதைன்னு எங்களுக்கு மொத நாளே தெரியும், ஊலே. கதையில பனி கொட்டுது. பசுந்தாங்ல எங்க பனி கொட்டுது?”

தெரிந்துமா இத்தனை சூப்பு என்று நான்தான் கேட்டேன்.

“கேட்டு முடிச்சா நெஞ்சு பாரமா இருக்கும்மா. அந்தப் பொம்பளைக்கு ஒரு வாய் சூப்பு குடுக்கணும் போல இருக்கும். ஜப்பானுக்கு எப்பிடிக் குடுக்குறது? அதான் இவுங்க கயித்துல மாட்டிவிட்டேன்.”

பக்கத்தில் நின்ற மோசஸ் தொண்டையைச் செருமிக்கொண்டார். மூன்றாவது கதைக்குப் பிறகு தான் குடியை விட்டுவிட்டதாகவும், அந்தக் கிறிஸ்துமஸுக்கு வீட்டில் ஒயினே வாங்கவில்லை என்றும், அதைப்போய் வெளியில் சொல்லக் கூச்சமாக இருந்தது என்றும் சொன்னார். தேவசகாயம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் ஒரு தூணோரமாகப் போய் நின்றுகொண்டேன். இலக்கியம் வேறு, வாழ்க்கை வேறு என்று சமையலறையில் இருபது நிமிடம் பிரசங்கம் செய்தவள் நான். இந்தத் தெருவுக்கு அது தேவைப்படவே இல்லை. ஜப்பானில் எங்கோ ஒரு மனிதர் வெட்கப்பட்டு எழுதியதற்கு இங்கே ஒரு தோசைக் கடைக்காரி அடுப்பு மூட்டியிருக்கிறார். அந்த மனிதர் ஜெயித்துவிட்டார். தேவசகாயமும் ரோசம்மாவும் ஜெயித்துவிட்டார்கள். கூட வந்த எனக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்று வெட்கமில்லாமல் நினைத்துக்கொண்டேன். அன்று சாயங்காலமே பன்னிரண்டாவது கதையைப் படமெடுத்துக் கோயம்புத்தூருக்கு அனுப்பிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை விடைபெறப் போனேன். கீழே அதே டாக்ஸி, அதே ஓட்டுநர். விடுதியிலிருந்து கிளம்பும்போது கார் வாழ்த்தியதும் இந்தமுறை நானும் தலையைக் குனிந்துகொண்டேன். நோட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிற நேரத்தில் மணி அடித்தது. ரோசம்மா கயிற்றை இழுத்தார். கனமாக இருந்தது போல, கணவரும் கை கொடுத்தார். மேலே வந்தது தூக்குவாளி அல்ல, நான்கு அடுக்குக் கேரியர். சோறு, கோழிக் குழம்பு, முட்டை, ஒரு அடுக்கு நிறையப் பலகாரம்.

ரோசம்மா பால்கனியிலிருந்து குனிந்து, இனிமேல் சூப்பு எதற்கு, கதைதான் முடிந்துவிட்டதே, அந்தப் பொம்பளையும் போய்விட்டாளே என்று கேட்டார். செல்வி கீழேயிருந்து அண்ணாந்து கத்தினார்.

“இது அந்தம்மாவுக்கு இல்ல, உங்களுக்கு. நேத்து ‘எஞ் சம்சாரம்’னு வாசிச்சது நீங்கதான? சம்சாரம் போன ஆளு, அடுப்புப் பத்த வைக்கத் தெரியுமோ என்னமோ!”

ரோசம்மா திரும்பி எங்களைப் பார்த்தார். சிரிக்கவில்லை. முந்தானையால் முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டு, அந்த வீட்டில் அதுவரை கணவர் உட்கார்கிற நாற்காலியில் போய் உட்கார்ந்தார். தேவசகாயம் கேரியரைப் பிரித்துத் தட்டில் பரிமாறினார். டாக்ஸி கீழே இரண்டு முறை ஹாரன் அடித்தது. ரோசம்மா இரண்டாவது தடவையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.